கெட்ட குமாரனுக்குப் பெயர் வைத்தது யார்?

சி.எஸ்.ஐ. கோயிலிலோ லுத்தரன் கோயிலிலோ வளர்ந்தவரைக் கேட்டால் ‘கெட்ட குமாரன் கதை’ என்பார். கத்தோலிக்கரைக் கேட்டால் ‘ஊதாரிப் பிள்ளை’ என்பார். மேடையில் பேசுகிறவராக இருந்தால் அது ‘ஊதாரி மைந்தன்’ ஆகிவிடும். இரு தரப்பாரும் சேர்ந்து உழைத்து 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தில் அதே இடத்துக்குக் ‘காணாமற்போன மகன்’ என்று தலைப்பு. பையன் ஒருவன்தான், கெட்டவன், ஊதாரி, காணாமற்போனவன் என்று பெயர் மூன்று. முதல் பெயர் அவன் குணத்தைச் சொல்கிறது. இரண்டாவது அவன் வரவு செலவைச் சொல்கிறது. மூன்றாவது, அவனை யாரோ தேடுகிறார்கள் என்கிறது. இன்றைக்கு நம் காதில் அப்படித்தான் விழுகிறது. ஆனால் பழைய தமிழின் காதோடு கேட்டால் முதல் பெயரும் மூன்றாவது பெயரும் ஒன்றே என்பது என் கட்சி.

லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் இந்தக் கதை வருகிறது. மற்ற மூன்று நற்செய்திகளிலும் இல்லை. லூக்கா தலைப்பு எதுவும் எழுதவில்லை. அதிகாரப் பிரிவுகளும் வசன எண்களும் பல நூற்றாண்டு கழித்து வந்தவை, தலைப்புகளும் அப்படியே. இயேசு சொல்லத் தொடங்கும் முதல் வாக்கியத்தில், கிரேக்க மூலத்தில், எழுவாய் தகப்பன்தான்: ஒரு மனிதருக்கு இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். இலக்கணப்படி பார்த்தால் இது அந்த மனிதரின் கதை. ஊர் உலகம் எங்கும் பெயர் மட்டும் இளையவன் தலையில் விழுந்துவிட்டது.

கதையைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். இளையவன் அப்பா உயிரோடு இருக்கும்போதே பாகம் கேட்கிறான். வாங்கிக்கொண்டு தூர தேசம் போய் அழிக்கிறான். பஞ்சம் வருகிறது. யூதப் பையன் பன்றி மேய்க்கப் போகிறான். பன்றி தின்பதைத் தின்னவும் வழியில்லை. பன்றி தின்றது என்ன என்பதில் நம் மொழிபெயர்ப்புகளுக்குள் ஒரு சிறு சண்டை உண்டு. பழைய வேதாகமம் தவிடு என்றது, 1995இன் திருவிவிலியம் நெற்று என்றது. நெற்றுதான் சரி. கிரேக்கத்தில் அது ‘கெராத்தியோன்’, கரோப் மரத்தின் கொம்பு போல வளைந்த காய். அந்தப் பெயர்தான் அரபு வழியாகச் சுற்றி வந்து நகைக்கடையில் ‘காரட்’ என்று தராசில் ஏறியிருக்கிறது. பன்றித் தீனியின் பெயர் தங்கத்துக்குப் போனது இந்தக் கதைக்குப் பொருத்தமான விபத்து என்றே சொல்வேன், ஏனென்றால் பையன் வீடு திரும்பியதும் அப்பா அவன் விரலில் மோதிரம் போடச் சொல்கிறார்.

ஊதாரி என்ற பெயருக்குக் கதையில் ஆதாரம் உண்டு. அவன் சொத்தைச் சிதறடித்தான் என்று சொல்லும் இடத்தில் லூக்கா, ‘அசோத்தோஸ்’ என்ற சொல்லின் வினையடை வடிவத்தைப் போடுகிறார். பழைய தமிழ் வேதாகமம் அதைத் துன்மார்க்கம் என்று எடுத்துக்கொண்டது. புதியது தாறுமாறு என்றது. புதியது நெருங்கி வருகிறது. அசோத்தோஸ் என்றால் காப்பாற்றி வைக்கத் தெரியாதவன், கையில் எதுவும் தங்காதவன். ‘காப்பது, மீட்பது’ என்று பொருள்படும் வினைச்சொல்லுக்கு முன்னால் எதிர்மறை ‘அ’ சேர்ந்து பிறந்த சொல் இது. அதே வினைதான் கிறிஸ்தவத்தில் இரட்சிப்பு என்பதற்கு அடிச்சொல். அதனால் அலெக்சாந்திரியாவில் இருந்த கிளெமெந்து போன்ற பழைய ஆசிரியர்கள், காக்கத் தெரியாதவன் என்பதைக் காக்கப்பட முடியாதவன் என்று திருப்பிச் சிலேடை செய்தார்கள். சிலேடை நன்றாக இருக்கிறது. கதையோ அதற்கு நேர் எதிராக முடிகிறது.

இந்தச் சொல்லுக்கு லூக்காவுக்கு முந்நூறு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே இலக்கணம் வகுத்தவர் அரிஸ்டாட்டில். நிக்கோமாக்கிய அறவியலின் நான்காம் பகுதியில் கொடையைப் பற்றிப் பேசும்போது இருபுறத்து மீறல்களையும் காட்டுகிறார். ஒருபுறம் கஞ்சன், மறுபுறம் ஊதாரி. ஊதாரி என்பவன் தன்னாலேயே அழிகிறவன் என்பது அவர் தரும் விளக்கம். பணம்தான் பிழைப்புக்கு வழி. அதை அழிக்கிறவன் தன்னையே அழித்துக்கொள்கிறான் என்பது வாதம். ஆனாலும் கஞ்சனைவிட இவன் தேவலை என்கிறார். வயது ஏறினாலோ கை வறண்டாலோ இவன் திருந்திவிடுவான், கஞ்சனுக்கு மருந்தே கிடையாதாம். நம் கதையில் கை வறண்டது, புத்தி வந்தது. வீட்டிலே ஓர் ஆட்டுக்குட்டி கணக்குப் பார்க்கும் அண்ணனும் இருக்கிறான். அரிஸ்டாட்டில் இந்தக் கதையைக் கேட்டிருந்தால் பாதி வழிவரை தலையை ஆட்டிக்கொண்டே வந்திருப்பார். ‘தன்னாலேயே அழிகிறவன்’ என்பதில் உள்ள அந்த ‘அழிகிற’ என்ற வினையை மட்டும் வாசகர் மனத்தில் வைத்திருக்கவும், பின்னால் வேண்டியிருக்கும்.

கிரேக்கத்திலிருந்து இலத்தீனுக்கு வரும்போது ஊதாரிக்குச் சட்டப் புத்தகத்தின் வாசனை ஏறியது. ஜெரோம் நான்காம் நூற்றாண்டின் இறுதியில் செம்மைப்படுத்திய இலத்தீன் நற்செய்தியில், இந்த இடத்தில் ‘ப்ரோதிகுஸ்’ என்ற சொல்லே இல்லை. ஆனால் கதையின் பெயராக நிலைத்தது அதுதான். ப்ரோதிகுஸ் என்பது ரோமச் சட்டத்தில் ஒரு பட்டம். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் பன்னிரு பலகைச் சட்டத்திலேயே அதற்கு வேர் இருக்கிறது. தகப்பன் வழி, பாட்டன் வழி வந்த சொத்தை ஒருவன் அழிக்கிறான் என்று தெரிந்தால், பைத்தியம் பிடித்தவனுக்குச் செய்வதுபோலவே அவனுக்கும் ஒரு பொறுப்பாளரை வைத்துச் சொத்தை அவன் கையிலிருந்து பிடுங்கிவிடலாம். சொல்லின் வேர்ப் பொருள் ‘முன்னே ஓட்டிவிடுதல்’, மந்தையை ஓட்டுவதுபோல. காசை ஓட்டிவிட்டவன் கடைசியில் பன்றியை ஓட்டினான்.

இந்தச் சட்டப் பெயர்தான் பிரெஞ்சு, ஸ்பானியம், ஆங்கிலம் எல்லாவற்றுக்கும் போனது. 1611இன் ஆங்கில வேதாகமத்தில் வசனங்களுக்குள் தேடினால் அந்தச் சொல் அகப்படாது; தலைப்புக் குறிப்புகளில்தான் இருக்கும். இன்று ஆங்கிலம் பேசுகிறவர்களில் பலர் அதற்கு ‘வீட்டை விட்டுப் போய்த் திரும்பியவன்’ என்றே பொருள் கொள்கிறார்கள். கதை அந்தச் சொல்லையே விழுங்கிவிட்டது. நம் பக்கத்து மொழிகளிலும் செலவுக் கணக்குதான் பெயராயிற்று. இந்தியில் ‘உடாஊ புத்ர’, காசைப் பறக்கவிடுகிறவன். மலையாளத்தில் ‘முடியனாய புத்ரன்’. தோப்பில் பாசியின் நாடகமும், 1961இல் ராமு காரியாட் எடுத்த படமும் அந்தப் பெயரைக் கேரளத்தில் கோயிலுக்கு வெளியேயும் கொண்டுபோயின. தமிழில் ஊதாரி இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது.

கெட்ட குமாரன் இந்தக் கூட்டத்தில் இல்லை. அவன் வேறு வழியாக வந்தவன்.

ஜெர்மானியருக்கு இந்தக் கதை ‘தொலைந்த மகன்’ கதை. ‘ஃபெர்லோரன்’ என்ற சொல்லுக்குத் தொலைந்துபோன, இழந்துபோன என்று பொருள். செலவாளித்தனத்தின் நிழல்கூட அதில் இல்லை. டச்சுக்காரருக்கும் சுவீடர்களுக்கும் அப்படியே. தமிழில் புதிய ஏற்பாட்டை முதலில் அச்சேற்றியவர்கள் இந்தப் பெயரைத் தாய்ப்பாலோடு குடித்த ஜெர்மானிய லுத்தரன்கள். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க், 1714இல் நற்செய்திகளையும் அடுத்த ஆண்டு புதிய ஏற்பாடு முழுவதையும் அச்சிட்டு முடித்தார். அவருக்குப் பின் வேப்பேரியில் உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் இழைத்து இழைத்து மொழிபெயர்த்த ஃபப்ரிசியுஸ், 1772இல் தம் புதிய ஏற்பாட்டை வெளியிட்டார். அவர் ஒரு தமிழ் அகராதியும் செய்தவர். சொல்லை நிறுத்துப் பார்த்துப் போடுகிறவர். இப்படிப்பட்டவர்கள் வளர்த்த சபைகளின் வாயில் ‘தொலைந்த மகன்’ எப்படிக் ‘கெட்ட குமாரன்’ ஆனான்?

இங்கேதான் கெடு என்ற வினையைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் புணர்ச்சி இலக்கணம் படித்தவர்களுக்கு நன்னூலின் மூன்று விகாரங்கள் மறந்திருக்காது: தோன்றல், திரிதல், கெடுதல். மரமும் வேரும் சேர்ந்தால் மரவேர். நடுவிலிருந்த ‘ம்’ கெட்டது. அந்த மகர மெய் செய்த பாவம் என்ன? ஒன்றுமில்லை. இருந்த இடத்தில் இப்போது இல்லை, அவ்வளவுதான். எட்டு நூறு ஆண்டுகளாகத் தமிழ் வாத்தியார்கள் இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள், ஒருவரும் ‘ம்’மைக் கெட்ட எழுத்து என்று வைததில்லை.

அகப்பொருள் இலக்கணத்தில் இன்னும் அழகான சான்று இருக்கிறது. தினைப்புனத்தில் தலைவியும் தோழியும் கிளி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். தலைவன் வந்து நிற்கிறான். பேச்சுத் தொடங்க ஒரு சாக்கு வேண்டும். உங்கள் ஊர் எது, உங்கள் பெயர் என்ன என்று கேட்கலாம். அதற்கும் பதில் வராவிட்டால், என் அம்பு பட்ட யானை ஒன்று இந்தப் பக்கம் வந்ததா, மான் ஒன்று ஓடியதா என்று விசாரிக்கலாம். இந்த மூன்றாவது வகைக் கேள்விக்கு இலக்கண நூலார் வைத்த பெயர் ‘கெடுதி வினாதல்’. கெடுதி என்றால் கைவிட்டுப்போனது, தேடிக்கொண்டிருக்கும் பொருள். அவன் கையிலிருந்து யானை தப்பியது உண்மையோ பொய்யோ, யானை கெடுதி ஆனது அவன் தேடுவதால். தேடுகிறவன் இல்லாவிட்டால் அது காட்டில் திரியும் வெறும் யானை.

இன்றைய பேச்சிலும் இந்தப் பழைய பொருள் முழுக்கச் செத்துவிடவில்லை. வாழ்ந்து கெட்ட குடும்பம் என்று சொல்கிறோம். அந்தக் குடும்பத்தார் ஒழுக்கம் தவறியவர்கள் என்று யாரும் பொருள்கொள்வதில்லை. இருந்தது போயிற்று என்று இரங்கித்தான் சொல்கிறோம். கெட்டும் பட்டணம் சேர் என்ற பழமொழியில் கெட்டவன் நொடித்துப்போனவன். மலையாளத்தில் விளக்கு கெடும். அணைந்தது என்று பொருள். இப்படி இல்லாமல் போவதைக் குறித்த சொல், இல்லாமல் போனதால் வந்த சீரழிவுக்கும் பெயராகி, பால் கெட்டது, உடம்பு கெட்டது என்று நடந்து, கடைசியில் கெட்ட பழக்கம், கெட்ட வார்த்தை, கெட்ட பையன் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பெயரெச்சமாக ஒரு பெயருக்கு முன்னால் நிற்கும்போது இந்தக் கடைசிப் பொருள்தான் இன்று முந்திக்கொள்கிறது. ‘கெட்டுப்போன மகன்’ என்றால்கூடக் கொஞ்சம் இரக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘கெட்ட மகன்’ என்றால் வசைதான்.

பழைய வேதாகமத் தமிழ் இந்தச் சறுக்கலின் நடுப்படியில் நிற்கிறது. யோவான் நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் இயேசு தம் ஆடுகளைப் பற்றிப் பேசும்போது, அவை கெட்டுப்போவதில்லை என்கிறது அந்தத் தமிழ். ஆடு ஒழுக்கம் கெடுவதைப் பற்றிய பேச்சு இல்லை அது. தம் கையிலிருந்து அவற்றை யாரும் பறித்துக்கொள்ள முடியாது என்பது அடுத்த பேச்சு. கையில் இருப்பது, கையை விட்டுப் போவது என்ற கணக்கில்தான் அங்கே கெடுதல் வருகிறது. கெட்ட குமாரன் என்ற பெயரையும் அந்தக் கணக்கில் படித்தால் அது ஜெர்மானியரின் ‘தொலைந்த மகன்’தான்.

ரஷ்யர்களுக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது என்பதில் எனக்கு ஓர் ஆறுதல். அவர்கள் மொழியில் இந்தப் பையன் ‘ப்ளுத்னி’ மகன். பழைய ஸ்லாவிய மொழியில் அந்த வேருக்கு அலைதல், வழி தவறுதல் என்று பொருள். இன்றும் காட்டில் வழி தப்பினால் அதே வேரிலிருந்து வந்த வினையைத்தான் ரஷ்யர் சொல்கிறார்கள். ஆனால் பெயர்ச்சொல் மட்டும் தனியே நடந்துபோய்க் காமக் களியாட்டம் என்ற பொருளில் உட்கார்ந்துவிட்டது. பெரிய நோன்புக்கு முந்தைய வாரங்களில் அவர்களுக்கு இந்தப் பையன் பெயரிலேயே ஒரு ஞாயிறு உண்டு. அன்று கோயிலுக்கு வருகிறவர் காதில் அலைந்தவனும் விழுவான், காமுகனும் விழுவான்.

ரெம்பிராண்ட் தம் கடைசிக் காலத்தில், 1660களின் இறுதியில், வரைந்த ஓவியமும் இந்தப் பெயரோடுதான் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிட்டாஜ் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. எட்டரை அடி உயரத் துணி. பையனின் முகம் பாதிகூடத் தெரியாது; மழித்த தலை அப்பாவின் நெஞ்சில் புதைந்திருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு அவன் காட்டுவது உள்ளங்கால். இடது கால் செருப்பு கழன்று கிடக்க, அந்தப் பாதம் தேய்ந்து அழுக்கேறியிருக்கிறது. வலது காலில் மாட்டியிருப்பதும் கிழிந்துபோனதுதான். களியாட்டத்தைத் தேடினால் அந்தப் படத்தில் ஓர் அங்குலம்கூட அகப்படாது. ரெம்பிராண்டின் டச்சு மொழியில் இவன் தொலைந்த மகன் என்பதை இங்கே சொல்லிவைக்கலாம்.

இனி கதைக்குள்ளேயே போய், அவனை யார் யார் என்னவென்று கூப்பிடுகிறார்கள் என்று பார்ப்போம்.

தகப்பன் வாயில் வரும் சொல் கிரேக்கத்தில் ‘அப்போல்லுமி’ என்ற வினை. தொலைதல், இழத்தல், அழிதல், சாதல் எல்லாம் அதற்குள் அடக்கம். வேறு வேறு இடங்களில் அதைத் தமிழில் சொல்ல, 1871இல் பவர் தலைமையிலான குழு முடித்துத் தந்த பழைய வேதாகமத்துக்கு நான்கு வினைகளாவது வேண்டியிருந்தன. இந்தக் கதையில் மகன் தொலைந்ததைச் சொல்லும்போது காணாமற்போதல். பன்றிக்கு நடுவே அவன் பசியால் தவிக்கும்போது சாதல். சகேயுவின் வீட்டில், மனுஷகுமாரன் எதைத் தேட வந்தார் என்று சொல்லும்போது இழந்துபோதல். யோவான் மூன்றாம் அதிகாரத்தில் கெட்டுப்போதல். நான்கும் ஒரே கிரேக்கச் சொல். பசியோடு பன்றி மேய்த்தவன் தன்னைப் பற்றிச் சொன்ன சொல்லையே, அவன் சொன்னதைக் கேட்டிராத அப்பா வீட்டில் சொல்கிறார் என்பதைத் தமிழில் படிக்கிறவர் பிடிக்க முடியாது. பழைய கெடுவை மட்டும் நான்கு இடத்திலும் போட்டிருந்தால் பிடித்திருக்கலாம். சொல்வது எளிது, வாக்கியம் ஓட வேண்டுமே என்று குழுவில் இருந்தவர்கள் கவலைப்பட்டிருப்பார்கள். அவர்கள் கவலையும் நியாயம்.

அரிஸ்டாட்டில் ஊதாரிக்குச் சொன்ன இலக்கணத்தில் வாசகரை நினைவில் வைக்கச் சொன்ன வினையும் இதேதான். தன்னாலேயே அழிகிறவன் என்றார் அவர். தகப்பனும் அதே வினையைச் சொல்கிறார். ‘தன்னாலேயே’ என்ற சொல் மட்டும் அவர் பேச்சில் இல்லை. அது இல்லாமலே வாக்கியம் முடிந்துவிடுகிறது. என் மகன் செத்திருந்தான், பிழைத்தான், தொலைந்திருந்தான், கிடைத்தான். யார் தவறு என்ற பேச்சே கிடையாது.

இந்தக் கதைக்கு முன்னால் அதே அதிகாரத்தில் இரண்டு குட்டிக் கதைகள் இருக்கின்றன. நூறு ஆட்டில் ஒன்று, பத்து வெள்ளிக்காசில் ஒன்று. ஆட்டுக் கதை மத்தேயுவிலும் உண்டு. மத்தேயுவில் ஆடு வழி தப்பிப் போகிறது. வினைக்கு எழுவாய் ஆடு. லூக்காவில் மேய்ப்பன் ஆட்டைத் தொலைக்கிறான், எழுவாய் மேய்ப்பன். காசுக்கும் அப்படியே, அந்தப் பெண் தான் தொலைத்த காசு என்றே அக்கம்பக்கத்தாரிடம் சொல்கிறாள். விளக்கேற்றி, வீட்டைப் பெருக்கி, அவள் தேடுகிறாள். காசு புத்தி தெளிந்து எழுந்து வருவதற்கில்லை. பழந்தமிழில் இந்த வேறுபாட்டுக்குத் தன்வினை, பிறவினை இரண்டும் தயாராக இருந்தன: ஆடு கெட்டது, மேய்ப்பன் ஆட்டைக் கெடுத்தான். இன்றைக்கு மேய்ப்பன் ஆட்டைக் கெடுத்தான் என்று பிரசங்கத்தில் சொன்னால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தொலைந்தது, தொலைத்தான் என்பதுதான் இப்போது அந்த வேலையைச் செய்கிறது.

பாவிகளோடும் வரி வசூலிப்பவர்களோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று பரிசேயரும் மறைநூல் அறிஞரும் முணுமுணுத்ததற்குப் பதிலாகத்தான் இயேசு இந்த மூன்று கதைகளையும் சொல்கிறார். முணுமுணுத்தவர்கள் அந்த மனிதர்களை அவர்கள் செய்கையைக் கொண்டு பெயரிட்டார்கள். இயேசு சொத்துக்காரரின் இழப்பைக் கொண்டு பெயரிடுகிறார்.

பையன் திரும்பி வருவதும் ஒரு பெயர்ப் பிரச்சினையோடுதான். பன்றித் தொழுவத்திலேயே அவன் பேச்சைத் தயார் செய்துகொள்கிறான். மூன்று பகுதி. நான் பாவம் செய்தேன். உம் மகன் என்று அழைக்கப்பட எனக்குத் தகுதி இல்லை. உம் கூலியாட்களில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். மகன் என்ற பெயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கூலியாள் என்ற பெயரை வாங்கிக்கொள்வது அவன் திட்டம். ஊதாரி என்றோ கெட்டவன் என்றோ அவனும் தன்னைச் சொல்லிக்கொள்ளவில்லை. வீட்டு வாசலில் முதல் இரண்டு பகுதியைச் சொல்லி முடிக்கிறான். மூன்றாவது பகுதி வரவில்லை. அப்பா வேலைக்காரர்கள் பக்கம் திரும்பி, நல்ல உடை, மோதிரம், செருப்பு, கொழுத்த கன்று என்று உத்தரவு போடத் தொடங்கிவிடுகிறார். மகன் சொன்னது காதில் விழுந்ததா என்றுகூடச் சந்தேகம் வரும். மன்னித்தேன் என்ற சொல் அவர் வாயிலிருந்து கதை முழுக்க ஒருமுறைகூட வரவில்லை. கிறிஸ்தவர்கள் கடவுளின் மன்னிப்புக்கு முதல் உதாரணமாக எடுப்பது இந்தக் கதையைத்தான், மன்னிப்பு என்ற சொல்லோ இங்கே இல்லை.

அவன் வாழ்ந்த வாழ்க்கைக்குப் பெயர் சொல்கிறவன் அண்ணன். வேசிகளோடு சொத்தைத் தின்றவன் என்கிறான். கதை சொல்பவர் வேசிகள் என்று எங்குமே சொல்லவில்லை. அண்ணன் சேர்த்துக்கொண்டது அது. பழைய மொழிபெயர்ப்பின் துன்மார்க்கமும், ப்ளுத்னியும், பெயராகிப்போன ஊதாரித்தனமும் ஏறக்குறைய அண்ணன் தரப்புச் சாட்சியம்தான். தம்பி என்று சொல்லவும் அவனுக்கு வாய் வரவில்லை. ‘உம்முடைய மகன், இவன்’ என்கிறான். அப்பா பதில் சொல்லும்போது அந்தச் சொற்றொடரை அப்படியே எடுத்து ஒரு சொல்லை மட்டும் மாற்றுகிறார்: ‘உன்னுடைய தம்பி, இவன்.’ கிரேக்கத்தில் இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. இன்னொன்று. தூர தேசத்தில் இருந்தபோதும் இளையவன் பேச்சு ‘அப்பா’ என்று தொடங்குகிறது. வீட்டிலேயே இருக்கும் மூத்தவன் பேச்சில் அந்த விளி இல்லை. இதோ, இத்தனை வருஷம் அடிமை வேலை செய்தேன் என்று நேரே கணக்குக்குப் போகிறான். அவனுக்கும் அப்பா ‘தெக்னோன்’ என்று பதில் சொல்கிறார். மகன் என்பதற்குக் கதை முழுக்க வேறு சொல்லை எழுதிக்கொண்டு வந்த லூக்கா, இந்த ஒரே இடத்தில் ‘பெற்ற பிள்ளை’ என்ற நெருக்கம் உள்ள சொல்லைப் போடுகிறார்.

பழைய தமிழ் வேதாகமம் இந்த அப்பாவை ஓரிடத்திலும் பிதா என்று சொல்லவில்லை. பரமண்டல ஜெபத்தில் பிதா, இங்கே தகப்பன். கிரேக்கத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். வானத்தில் இருப்பவருக்கு வடசொல், வாசலில் இருப்பவருக்குத் தமிழ்ச்சொல் என்று பிரித்துவிட்டார்கள். இதனால் கதை ஊருக்குப் பக்கத்தில் வந்தது உண்மை. ஓடி வருகிற மனிதரும் ஜெபத்தில் கூப்பிடுகிறவரும் ஒருவரே என்பதைப் போதகர் தனியே எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று என்பதும் உண்மை.

காணாமற்போன மகன் என்ற புதிய பெயருக்கு வருவோம். முதலில் எனக்கு அது சப்பென்று இருந்தது, போலீஸ் ஸ்டேஷன் புகார் போல. யோசித்தால் அதில் கிரேக்கத்திலும் இல்லாத ஒரு நயம் இருக்கிறது. காணாமல் போவது என்றால், பார்க்கிற கண் ஒன்று இருந்து அதற்கு அகப்படாமல் போவது. நாளிதழ்களில் ‘காணவில்லை’ என்று படம் போட்டு வரும் விளம்பரங்களை நினைத்துப் பாருங்கள். கலர் கட்டம் போட்ட சட்டை, மாநிறம், நெற்றியில் தழும்பு என்று அடையாளம் சொல்லிவிட்டு, நீ எங்கிருந்தாலும் உடனே வா, யாரும் உன்னைத் திட்டமாட்டார்கள், அம்மா சாப்பிடாமல் கிடக்கிறாள் என்று பையனிடமே பேசத் தொடங்கிவிடும். பையன் பணத்தை எடுத்துக்கொண்டு போனான் என்று யாரும் அதில் போடுவதில்லை. லூக்காவின் கதையில் அவன் இன்னும் தூரத்தில் வரும்போதே அப்பா அவனைக் கண்டார். கிரேக்கத்தில் அங்கே ஒரு வினை, கடைசியில் ‘கிடைத்தான்’ என்பதற்கு வேறொரு வினை. தமிழில் காணாமற்போனான், கண்டார், காணப்பட்டான் என்று மூன்றையும் ஒரே காண் கோத்துவிடுகிறது. மொழிபெயர்ப்பில் இழப்பது பற்றியே பேசுகிறோம். இது மொழிபெயர்ப்பில் வந்த லாபம்.

செத்திருந்தான் என்று அப்பா சொல்வதையும் தமிழ்க் காது தனியாகக் கேட்கும். ‘அவனைத் தலைமுழுகிட்டேன்’ என்று உயிரோடிருக்கும் பிள்ளைக்கே சாவுத்தீட்டுக் கழிப்பது நம் வீடுகளில் கேட்டுப் பழகிய பேச்சு. இந்தத் தகப்பனும் மகனைச் செத்தவன் என்கிறார், ஆனால் அவன் வீட்டுக்கு வந்த பிறகு, விருந்துக்குக் காரணம் சொல்லும்போது. அவன் போயிருந்த காலத்தில் அவர் தலைமுழுகவில்லை.

கெட்ட குமாரன் என்ற பெயரை மாற்றிவிட வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். முந்நூறு ஆண்டுத் தமிழ்க் கிறிஸ்தவத்தின் வாயில் உருண்ட பெயர். தெருக்கூத்து, கதாகாலட்சேபம், ஞாயிறு பள்ளி எல்லாவற்றுக்கும் பழகியது. அச்சில் காணாமற்போன மகன் இருக்கட்டும், பேச்சில் கெட்ட குமாரன் இருக்கட்டும். ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறவர், கெடுதி வினாதலையும் கரும்பலகையில் எழுதினால் போதும்.

மூத்தவனுக்குத்தான் எந்த மொழியும் பெயர் வைக்கவில்லை. இலத்தீன் சட்டமும் அவனைத் தொடாது, அவன் ஒரு காசும் அழித்தவனில்லை. ஆடு காட்டில் தொலைந்தது, காசு வீட்டுக்குள்ளேயே தொலைந்தது என்று லூக்கா முன்னால் இரண்டு கதையை வைத்திருப்பதை நினைத்தால், மூன்றாம் கதையின் தலைப்பு ஒருமையில் நிற்பது சரிதானா என்ற கேள்வி வருகிறது. அவனுக்காகவும் அப்பா விருந்தை விட்டு வெளியே வந்து கெஞ்சுகிறார். அவன் உள்ளே போனானா என்று லூக்கா எழுதவில்லை.